மாமா பக்கத்தில் இருந்தால்

"மறுபடியும் புட்டுக்கிச்சு!" என்று மாப்பிள்ளை மேசையில் குத்தினார்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மென்பொருள்காரர் அவர். விண்டோஸ் கணினிக்குள் யூனிக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம் மாதிரி ஒரு சூழலைக் குடிவைத்து, அதில் ஒரு பெரிய நிரலை ஓட்டவேண்டும். அது குட்டி குட்டி நிரல்களாக வரிசையாய்க் கிளப்பிவிடும். ஒரு குட்டி கிளம்பாவிட்டாலும் மொத்தமும் பாழ். சில நேரம் சமர்த்தாகக் கிளம்பும், சில நேரம் முரண்டு பிடிக்கும். சாயங்காலத்துக்குள் முடித்து அனுப்பாவிட்டால் வேலைக்கே வேட்டு. மாமனார் வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளைக்கு வேலையும் போனால் என்ன மரியாதை மிஞ்சும்?

சூழலையே அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிப் பார்த்தார். முரண்டு அதிகமானது. அலுவலக நண்பரைக் கூப்பிட்டார்.

"ஒவ்வொரு குட்டி கிளம்பறப்பவும் வேற ஏதோ மென்பொருள் உள்ள புகுந்து மூக்கை நுழைக்குதுடா. புதுசா ஏதாவது போட்டியா?"

"ஒண்ணும் போடலையே!"

"அப்ப வைரஸ் தடுப்பாத்தான் இருக்கும். தூக்கிடு."

தூக்கினார். இப்போது பாதிக்குப் பாதி கிளம்பவில்லை. தலையில் கை வைத்து, "ஐயோ, பொழப்பு போச்சே!" என்று வாய்விட்டே புலம்பினார்.

சொல்லிவைத்தாற்போல் மாடியிலிருந்து மாமனார் இறங்கி வந்தார். தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். போன மாதம்தான் சொந்தச் செலவில் கேமரா வாங்கி, திரைக்கு மேல் தன் கையாலேயே மாட்டி, அதற்கான மென்பொருளையும் தானே போட்டுக் கொடுத்த தங்கமான மனுஷர்.

"என்ன மாப்ளை, ஓடலையா? எங்க, ஓட்டுங்க பாப்போம்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஓடியது!

"அவ்வளவுதானே? மேல எனக்கும் கொஞ்சம் வேலை இருக்கு" என்று எழுந்து போனார். அவர் மாடியேறியதும் நின்றுபோனது. மாப்பிள்ளை பின்னாலேயே ஓடிக் கையோடு அழைத்துவந்தார். மறுபடி ஓடியது.

"மாமா, உங்க ராசியே ராசி! முடியிற வரைக்கும் எந்திரிக்காதீங்க."

"குளிக்கணுமே மாப்ளை."

"நாளைக்குச் சேத்துக் குளிச்சுக்கலாம் மாமா!"

மாமனாருக்குச் சாப்பாடும் அங்கேயே வந்தது. குட்டிகள் ஒன்றுவிடாமல் கிளம்பின. வேலை முடிந்தது, அனுப்பியாயிற்று, மேலதிகாரியிடமிருந்து பாராட்டும் வந்துவிட்டது.

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது. மாமனாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வேலை தப்பிச்சது உங்களாலதான் மாமா. பெத்த அப்பாகூட இப்படிப் பக்கத்துல உக்காந்திருக்க மாட்டாரு. இந்த நன்றிக்கடனை எப்படித் தீப்பேன்!"

மாமனார் கூரையைப் பார்த்தார், இருமினார், "குளிச்சுட்டு வந்துடறேன்" என்று நழுவினார்.

தட்டை எடுக்க வந்த மாமியார் சிரித்தார்.

"நல்லா நன்றி சொன்னீங்க போங்க! நீங்க வேலை செய்றீங்களா தூங்கறீங்களான்னு அந்தக் கேமரா வழியா மேல உக்காந்து போன்ல பாக்கறதுதான் அவருக்கு வேலையே, அதுலயும் நீங்க தலையில கை வச்சீங்கன்னா வச்ச கண்ணு வாங்க மாட்டாரு. இன்னிக்குப் பக்கத்துலயே உக்கார வச்சுட்டீங்க, அப்புறம் போன் எதுக்கு?"