மஞ்சள் சந்தனமும் ஒற்றை மூலக்கூறும்

கோபக்காரி என்று என்னை யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். அன்றைக்கு வந்த கோபம் மட்டும் நியாயமே இல்லாதது. ஒப்புக்கொள்கிறேன்.

உயிருள்ள செல்லுக்குள் ஓடும் ஒரே ஒரு மூலக்கூறைப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. அதில் ஒளிரும் சாயத்தை ஒட்டி லேசர் அடித்தால், இருட்டில் ஒரு புள்ளி மினுங்க வேண்டும். மூன்று மாதமாக மினுங்கவில்லை. வெள்ளிக்கிழமை காட்டாவிட்டால் நுண்ணோக்கியை வேறு மாணவருக்குக் கொடுத்துவிடுவதாகப் பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமைதானா ஆயுத பூஜை வந்து தொலைய வேண்டும்? கஹவத்தைப் பக்கம் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலர் மெஷினை ஓட்டும் அப்பா, பூஜையை முடித்து, வாழையிலைத் துண்டில் மஞ்சள் கலந்த சந்தனத்தோடு நேரே ஆய்வுகூடத்தில் வந்து நின்றார்.

“மெஷினுக்குப் பொட்டு வச்சிட்டுப் போயிர்றேன் புள்ள. பொட்டில்லாம ரோலரையே நாங்க ஸ்டார்ட் பண்ண மாட்டோம்.”

“இது ரோலர் இல்லப்பா. தூசி பட்டாலே கெட்டுப்போகும். தள்ளி நில்லுங்க.”

“அப்ப உனக்காவது வைக்கிறேன்.”

விட்டால் போதுமென்று நெற்றியைக் காட்டினேன்.

பேராசிரியர் வந்து உட்கார்ந்தார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. கையுறையோடு நெற்றியை வழித்துவிட்டு, செல்கள் இருந்த கண்ணாடியை எடுத்து வைத்தேன். விளக்கை அணைத்து லேசரைப் போட்டால், திரை முழுக்கப் பச்சை வெளிச்சம். செல்லையே காணோம்.

முதலில் லென்ஸ் விற்றவனை ஏசினேன். பிறகு வாசலில் நின்ற அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

“சொல்லச் சொல்லக் கேக்காம மெஷினுக்குப் பொட்டு வச்சிட்டீங்கதானே? என் படிப்பையே நாசமாக்கிட்டீங்க.”

அப்பா இலையை மடித்துப் பைக்குள் வைத்தார் (அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறையத் தோன்றும்).

பேராசிரியர் எழுந்து விளக்கைப் போட்டார். என் நெற்றியில் பொட்டைக் காணோம். கையுறையின் இரண்டு விரல்களிலும், அவை பிடித்த கண்ணாடியிலும் இருந்தது. “கஹ நேத?” என்றார் சிங்களத்தில், மஞ்சள்தானே என்று. மஞ்சள்தான். அந்த லேசரில் மஞ்சளும் பச்சையாக ஒளிரும் என்று புத்தகத்தில் படித்து, பரீட்சையிலும் எழுதியவள் நான்!

அவர் சிரித்துச் சிரித்தே திங்கள்வரை தவணை கொடுத்தார். ஞாயிறு மாலை ஒரே ஒரு புள்ளி மினுங்கி அணைந்தது. அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்க அப்பாவைப் போனில் அழைத்தேன்.

“மெஷினுக்கே வச்சிருந்தா ஒன்னும் ஆகியிருக்காது புள்ள. நான் வெளிப்பக்கம்தானே வச்சிருப்பேன்.”

இப்போது ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் நுண்ணோக்கியின் வெளி மூடிக்குப் பொட்டு உண்டு. எனக்குத்தான் கிடையாது. வீட்டில் எது காணாமல் போய் நான் குரலை உயர்த்தினாலும் அம்மா அடுப்படியிலிருந்தே சொல்வாள்: “யாரையும் ஏசாத. மொதல்ல ஒன் நெத்தியத் தொட்டுப் பாரு.”