பத்தாவது நிமிடத்தில் நிற்கும் கார்

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பையனுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் அவனைப் பெற்றவர்கள் மட்டும்தான். எங்கள் வீட்டில் அந்தப் பையனும் சேர்ந்து நம்பினான். அதுதான் வினையாகப் போயிற்று.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு லேப்டாப். அதுவும் அக்காவுடையது. அவள் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். நான் அதில் கார் ஓட்டுகிற கேம் ஒன்றை ஏற்றிவைத்து, மதியம் அவள் கண்ணயரும் நேரமாகப் பார்த்து உலகமெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தேன். (நிஜத்தில் நான் ஓட்டியது அப்பாவின் பைக் மட்டும்தான். அதற்கும் ஒழுங்காக ஸ்டாண்டு போடத் தெரியாது.)

சரஸ்வதி பூஜை முடிந்ததும் வம்பு ஆரம்பித்தது. கேம் சரியாகப் பத்து நிமிடம் ஓடும். பிறகு கார் திணறும், திரை உறையும், கேம் தானாக மூடிக்கொள்ளும்.

நான் உடனே நோயைக் கண்டுபிடித்துவிட்டேன். அந்த லேப்டாப்பில் கிராபிக்ஸுக்கென்று தனி கார்டு கிடையாது. பிராசசர் வீட்டிலேயே ஒட்டுக்குடித்தனம். மெமரியையும் பொதுக்குழாயில்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். பாவம், அதனால் இவ்வளவு பாரம் தாங்க முடியவில்லை என்று முடிவு கட்டினேன்.

முதலில் நிழலை அணைத்தேன். அப்புறம் மரம், புல், வேடிக்கை பார்க்கிற கூட்டம் எல்லாவற்றையும் எடுத்தேன். ரெசல்யூஷனைக் குறைத்தேன். கடைசியில் கேமில் வந்த வெளிநாட்டு நகரம், பனவடலிசத்திரம் போகிற பொட்டல் ரோடு மாதிரி ஆகிவிட்டது. கார் மட்டும் பத்தாவது நிமிடம் தவறாமல் நின்றது. கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன். பழையதையே திரும்பப் போட்டேன். லேப்டாப் உயிர்பெறுகிற நேரத்தில் பட்டனை அமுக்கி உள்ளே போய், கிராபிக்ஸுக்குக் கூடுதல் மெமரி ஒதுக்கினேன். அடியில் கை வைத்தால் தோசைக்கல்லாகச் சுட்டது. உழைக்கிற மெஷின் சூடாகத்தானே செய்யும் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

இப்படி நாலு நாள் போனபோது, சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து அக்காவுக்கு இன்டர்வியூ வந்தது. திங்கட்கிழமை பதினொரு மணி, வீடியோ காலில். செல்போன் கூடாது, லேப்டாப்தான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இன்டர்வியூ கைநழுவிப் போயிருந்தன. இதுவும் போனால் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவேன் என்று அப்பா சொல்லிவிட்டார்.

"ஏலே, லேப்டாப் நல்லாத்தான இருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"பக்காவா இருக்கு எக்கா. நாந்தான் பாத்துக்கிடுதேம்லா."

(அந்த வாயை இப்போது நினைத்தாலும் அறையத் தோன்றுகிறது.)

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவள் தோழியோடு ஒத்திகைக்கு வீடியோ கால் போட்டாள். பத்தாவது நிமிடம் லேப்டாப் பொட்டென்று அணைந்தது. மறுபடி போட்டாள். இந்தத் தடவை மூன்றே நிமிடம். அவள் கண் கலங்கிவிட்டது.

"என்னலே செஞ்ச?"

"எக்கா, இது இன்டகிரேட்டட் கிராபிக்ஸ்ங்கதால..."

"கிராபிக்ஸ் கிடக்கட்டும். பைக்கை எடு!"

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன், லேப்டாப் பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். அவரிடம் நான் டிரைவர், மெமரி, ரெசல்யூஷன் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே லேப்டாப்பைத் திருப்பிப் போட்டார்.

"ஏலே, இது என்னது?"

எட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் காற்றுப் போய்வர வரிசையாக இருந்த ஓட்டைகளின் மேல் மூன்று விரலுக்குச் சந்தனப் பட்டை. நடுவில் பெரிய குங்குமப் பொட்டு.

பூஜையன்று மிக்ஸி முதல் பைக் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைப்பது என் வேலை. "லேப்டாப் மூடியில கறை பட்டுச்சு, கொன்னுருவேன்" என்று அக்கா சொல்லியிருந்தாள். "பொட்டு வைக்காம விட்டுராத மக்கா" என்று அம்மா சொல்லியிருந்தாள். இரண்டு பேரையும் திருப்திப்படுத்த, நான் அதைக் கவிழ்த்துப் போட்டேன். அந்த ஓட்டைகளைப் பார்த்தால், பட்டை போடுவதற்கென்றே கம்பெனிக்காரன் கோடு கிழித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. உதிர்ந்துவிடக் கூடாது என்று கொத்தனார் கணக்காக அழுத்தி வேறு பூசியிருந்தேன்.

"சாமி கும்பிடுறதுல தப்பில்ல. அதுக்கு மூக்குலயா கொண்டுபோய்ப் பூசுவ?" என்றார் அண்ணாச்சி. "மூக்கைப் பொத்தி வச்சிக்கிட்டு இத்தன நாளா மாத்திரைய மாத்தி மாத்திக் குடுத்திருக்க!"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் பிரஷ்ஷால் சுரண்டி, பின்பக்கத்தைக் கழற்றி, காற்றாடியைத் துடைத்து மாட்டும்போது மணி பத்து ஐம்பத்தைந்து. வீட்டுக்குப் போக நேரமில்லை. "இங்கனயே இருந்து பேசும்மா" என்று அண்ணாச்சி ஸ்டூலைப் போட்டு, கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். வருகிறவர்களைத் தடுக்க என்னை வெளியே நிறுத்தினார்.

நான் வாசலில் நின்று நிமிடம் எண்ணினேன். எட்டு. ஒன்பது. பத்தாவது நிமிடம் உள்ளே சத்தமில்லை. தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது அக்கா தும்மினாள். ஒன்றல்ல, நாலு தும்மல். இண்டு இடுக்கில் மிச்சமிருந்த சந்தனத்தூளையெல்லாம் காற்றாடி அவள் முகத்தில் ஊதியிருக்கிறது. "சாரி சார், மை பிரதர்..." என்று ஆரம்பித்து, நடந்தது அத்தனையையும் இங்கிலீஷில் ஒப்பித்தாள். அந்தப் பக்கம் மூன்று பேர் சிரிக்கிற சத்தம் ஷட்டர் தாண்டிக் கேட்டது. மானம் போனால் போகட்டும், லேப்டாப் ஓடுகிறதே என்று எனக்கு உயிர் திரும்பி வந்தது. அன்று அது நாற்பது நிமிடம் மூச்சுத் திணறாமல் ஓடியது. அடுத்த வாரம் வேலை உறுதி என்று கடிதம் வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அதோடு என் கையிலிருந்து சந்தனக் கிண்ணம் பறிக்கப்பட்டது. போன தை மாதம் என் கல்யாண நலங்கில்தான் திரும்பக் கிடைத்தது. மணப்பெண் கன்னத்தில் பூச நான் விரலைச் சந்தனத்தில் தோய்த்ததும், அக்கா மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்:

"ஏலே, மூக்கை விட்டுட்டுப் பூசு! பத்து நிமிசத்துல நின்னுரப் போகுது!"