மக்டோரன் குலத்தை நான் மலையேற்றிய விபரம்

வோபர்ன், ஸ்காபரோ
ஆவணி 19, செவ்வாய்க்கிழமை

என்றும் என் மதிப்புக்குரிய பெரியக்கா வேரோனிக்கா அவர்களுக்கு,

தம்பி கஸ்பர் எழுதிக்கொள்வது. மாதாவின் புண்ணியத்தில் நானும் யோகமலரும் நடமாடுகிறோம். அதாவது யோகமலர் நடமாடுகிறாள். நான் சனிக்கிழமைக்குப் பிறகு படியில் பின்பக்கமாகத்தான் இறங்குகிறேன். பிறம்ரனில் உங்கள் இரத்த அழுத்தமும் அத்தானின் சீனியும் ஏறாமல் இருக்கவேண்டும் என்று மன்றாடுகிறேன். இந்தக் கடிதத்தை வாசித்து முடியும்வரையாவது ஏறாமல் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் எடுத்து, "உனக்கு வெக்கமில்லையோடா" என்று ஒரேயொரு வசனம் கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். திருப்பி எடுத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை இடையில் நிறுத்த முடியாது, கிழிக்கத்தான் முடியும், நீங்கள் முழுதும் வாசிக்காமல் எதையும் கிழிக்கிற ஆள் இல்லை. நான் வெள்ளைக்காரரோடு பாவாடை கட்டிக்கொண்டு மலையேறினேன் என்றும் நடுவழியில் அது அவிழ்ந்தது என்றும் உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது பாவாடை இல்லை அக்கா, கில்ட். ஸ்கொட்லாந்துக்காரர் விசேஷத்துக்குக் கட்டுவது. மருமகன் ஹேமிஷ் தன் கையால் கொண்டுவந்து தந்தான். மடிப்பு வைத்த சாரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கட்டும் விதம் விளங்காததால் சாரம் மாதிரியே சொருகிக்கொண்டேன், பாதுகாப்புக்கு உள்ளே கால்சட்டையும் போட்டிருந்தேன். அவிழ்ந்தது என்பது முழுப்பொய். தளர்ந்தது உண்மை.

ஏன் போனேன் என்று கேட்பீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் கரோலின் ஹேமிஷைக் கட்டியபோது நீங்களும் நானும் கல்யாணத்துக்குப் போகவில்லை. "எங்கட பகுதியும் இல்லை, எங்கட கோயிலும் இல்லை" என்று நீங்கள் சொன்னீர்கள், நான் தலையாட்டினேன். உங்களைக் குறைசொல்ல எழுதவில்லை, ஆடியது என் தலை. நீங்கள் ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்திய ஞானத்தாய், நான் பெற்ற தகப்பன், இரண்டு பேரும் அன்றைக்கு உங்கள் வீட்டுக் குசினியில் இருந்து ஒன்றும் நடக்காத மாதிரித் தேத்தண்ணி குடித்தோம். அதற்குப் பிறகு அவள் நத்தார்ப் பண்டிகைக்கு வருவாள், ஜாக்கெற்றைக் கழற்றாமல் அரை மணித்தியாலம் இருப்பாள், தாயோடு கதைப்பாள், என்னிடம் "சுகமா அப்பா" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். அதைவிட என்னை ஏசியிருக்கலாம். எனக்கு என் பிள்ளை திரும்ப வேண்டும் அக்கா, மலையேறித்தான் எடுக்கவேண்டும் என்றால் ஏறத்தான் வேண்டும்.

ஆனி மாதம் அவளாகவே போன் எடுத்தாள். ஹேமிஷின் ஆட்கள் மக்டோரன் குலமாம். வருடாவருடம் ஆவணியில் எல்லாரும் ஒன்றுகூடி, வடக்கே இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருக்கும் ஒரு மலையில் ஏறுவார்களாம். குலம் என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். அவர்களும் 'யாருடைய ஆள், எந்த இடம்' என்று மூன்று தலைமுறை விசாரித்த பிறகுதான் தேத்தண்ணி ஊற்றுகிறார்கள். எனக்கு நம் ஊருக்கே போன மாதிரி இருந்தது. வழக்கமாக ஒழுங்கு செய்கிற சம்பந்திக்கு முழங்காலில் ஒப்பரேசன். "அப்பா, மிட்லாண்ட் கோயில் யாத்திரைக்கு நீங்கள்தானே பஸ், சாப்பாடு எல்லாம் பாக்கிறனீங்கள். இதையும் செய்து தருவியளோ? ப்ளீஸ்?" என்றாள். மலை உச்சியில் ஒரு கற்குவியல் இருக்கிறதாம். கல்யாணத்தால் புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயரைச் சம்பந்தியம்மா மோராக் கூப்பிட, அவர்கள் ஒரு கல்லை வைத்துவிட்டுக் குலப் புத்தகத்தில் கையெழுத்துப் போடவேண்டுமாம். "இந்த வருசம் உங்கட பேரையும் கூப்பிடுவினம்" என்றாள். நான் "ஓம் பிள்ளை" என்றேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு மலையைப்பற்றி ஒரு மண்ணும் தெரியாது. எங்கள் ஊரில் ஆக உயரமான இடம் கோயில் மணிக்கூண்டு, அதிலும் நான் பாதிவரைதான் போனவன். ஆனால் ஆட்களைச் சேர்த்து ஓர் இடத்துக்குக் கொண்டுபோவது எனக்குத் தண்ணிபட்ட பாடு. பதினாறு வருடம் மிட்லாண்டுக்குப் பஸ் விட்டவன் நான். பஸ் எட்டு மணிக்கு வெளிக்கிடவேண்டும் என்றால் நோட்டீஸில் ஆறு என்று போடவேண்டும். ஆறு என்று போட்டால் ஏழரைக்குத்தான் முதலாவது ஆள் வருவார், ஒருவரையும் காணவில்லை என்று கோப்பி வாங்கப் போய்விடுவார், அவர் திரும்பிவர எட்டாகிவிடும். இதைப் பொய் என்று சொல்லமுடியாது. எழுதுகிறவனுக்கும் தெரியும், வாசிக்கிறவனுக்கும் தெரியும், பங்குச் சுவாமியாருக்கும் தெரியும். மலையேற்றம் ஒன்பது மணிக்கு. ஆகவே நோட்டீஸில் காலை ஏழு மணி, மலையடிவாரக் கார் பார்க் என்று தமிழிலும் இங்கிலீசிலும் அடித்து, மக்டோரன் ஆட்கள் நாற்பத்தொரு பேருக்கும், கரோலினுடைய பக்கம் வெறுமையாகத் தெரியக்கூடாது என்று நம்முடைய ஆட்கள் இருபது பேருக்கும் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் பெனியனோடு குசினியில் நிற்கிறேன், யோகமலர் குளிக்கிறாள், போன் அடிக்கிறது. கரோலின். "அப்பா, எங்க நிக்கிறியள்?" என்றாள். "கிட்ட வந்திட்டம் பிள்ளை" என்றேன். வீட்டில் நின்றுகொண்டு எல்லாரும் சொல்வதுதானே, வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. ஏழரைக்குத் திரும்ப எடுத்தாள். "இன்னும் பத்தே நிமிசம்" என்றேன். அப்போது மச்சான் அகஸ்ரின் சோற்றுக் கிடாரத்தை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். மலைக்கு ஏன் கிடாரம் என்று நான் கேட்டதற்கு, "ஆக்களைக் கூப்பிட்டிட்டுச் சோறு குடுக்காமல் விடுறதோ" என்று கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எட்டுக்கு எடுத்தபோது "இந்தா, மலை தெரியுது" என்றேன். தெரிந்தது 401 நெடுஞ்சாலையும் முன்னால் நின்ற லொறியும்தான்.

ஒன்பதரைக்குப் போய் இறங்கினோம். நாற்பத்தொரு பேரும் நின்றார்கள் அக்கா. கில்ட் கட்டி, வெள்ளைக் காலுறை போட்டு, முதல் பூசைக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையாக நின்றார்கள். அது சேற்றுநிலம், ஆவணி மாதம், முழங்காலோ வெறும் முழங்கால். கடிக்கிற நுளம்புக்கு விருந்தே நடந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து சொறிவதும் நிமிர்ந்து சிரிப்பதுமாக இருந்தார்கள். எண்பத்தொரு வயதுக் கிழவர் ஒருவர், மற்றவர்கள் சலிக்காமல் இருக்க ஏழு மணியிலிருந்து பாக்பைப் என்கிற காற்றுப்பைக் குழலை ஊதிக்கொண்டிருந்தாராம். நாங்கள் போனபோது அவர் ஒரு கதிரையில் இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், முகம் பீற்றூட் நிறம். "எத்தனை மணிக்கு வந்தீர்கள்" என்று ஹேமிஷைக் கேட்டேன். ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என்றான். நான் கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டேன்.

மோராக் அம்மா வந்து என் கையைப் பிடித்து, அருமையான காலைநேரம் மிஸ்டர் கஸ்பர் என்றார். ஏசினால் ரோட்டில் டிராபிக், டயரில் காற்று என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். நல்ல காலைநேரம் என்கிற மனுசிக்கு என்ன பதில் சொல்வது. கரோலின் தள்ளி நின்று என்னைப் பார்த்தாள், நான் கில்டைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன். பத்து மணிக்கு நம்முடைய ஆட்கள் மூன்று வானில் வந்து இறங்கினார்கள். இறங்கியதும் என்னிடம், "என்ன, இன்னும் வெளிக்கிடேல்லையோ?" என்று கேட்டார்கள். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அவர்களைக் கடிக்கவேண்டும்போல் இருந்தது.

சரி, இனியாவது ஒழுங்காக நடத்துவோம் என்று விசிலை ஊதி, ஒலிபெருக்கியை எடுத்து, யாத்திரைக்குச் செய்வதுபோலப் பட்டியலில் பெயர் கூப்பிடத் தொடங்கினேன். "மக்டோரன்" என்றேன். நாற்பத்தொரு கை எழும்பியது. பிறகு ஆளுக்கொரு நிற ரிபன் கட்டிப் பிரித்தேன். எங்கள் பெண்டுகள் சேலை நிறத்துக்குப் பொருந்தும் ரிபனாகப் பார்த்து மாற்றிக்கொண்டார்கள், பிரித்த பிரிவெல்லாம் கலந்துபோய்விட்டது. அகஸ்ரின் கிடாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினான். கால்வாசி வழியில் அவனுக்கு மூச்சு முட்ட, சுமையைக் குறைக்கவேண்டும் என்று மட்டன் ரோல்ஸ் பெட்டியைத் திறந்துவிட்டான். மக்டோரன் ஆட்கள் உச்சியில் தின்பதற்கு ஆளுக்கு இரண்டு ஓட்ஸ் பிஸ்கற்தான் கொண்டுவந்திருந்தார்கள். பிறகென்ன, மலை மறந்துபோச்சு. கண்ணால் தண்ணீர் ஓட ஓட ஆளுக்கு நாலு ரோல் சாப்பிட்டுவிட்டு, இதன் உள்ளே என்ன இருக்கிறது என்று அகஸ்ரினைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். அவன் கையாலும் காலாலும் ஆட்டை விளங்கப்படுத்தினான்.

நான் மட்டும் சாப்பிடவில்லை. அது பொய், இரண்டு சாப்பிட்டேன். அவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்கு அந்த முழங்கால்கள்தான் கண்ணுக்குள் நின்றன. சொறிந்து சொறிந்து இரத்தம் வந்த முழங்கால்கள். மகளின் கல்யாணத்துக்கே வராத தகப்பன், முதல்முதலாக அவர்களைக் கூப்பிட்டு இரண்டரை மணித்தியாலம் நுளம்புக்குத் தின்னக் கொடுத்துவிட்டு, உச்சியில் போய் எந்த முகத்தோடு கல் வைப்பது. முக்கால்வழியில் ஹேமிஷிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்து, "நீங்கள் நடவுங்கோ, நான் கடைசி ஆளைப் பாத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, ஒரு மேப்பிள் மரத்துக்குப் பின்னால் போய் இருந்துவிட்டேன். கடைசி ஆள் நான்தான்.

கொஞ்ச நேரத்தில் மேலே பாக்பைப் கேட்டது. பிறகு என்னுடைய ஒலிபெருக்கியிலேயே மோராக் அம்மாவின் குரல். என் பெயரைக் கூப்பிட்டார். மூன்று தரம் கூப்பிட்டார் அக்கா. அவர்கள் வாயில் கஸ்பர் என்பது நன்றாகத்தான் இருந்தது. நான் மரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது கரோலின் எங்கள் வானில்தான் வந்தாள். தன் வீட்டு வாசலில் இறங்கி, "சுகமா இருங்கோ அப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆகவே நீங்கள் சொன்னதுதான் சரி. அவர்கள் வேறு, நாங்கள் வேறு. அவர்களுக்கும் எங்களுக்கும் நேரமே ஒத்துவராது, மற்றது எப்படி ஒத்துவரும். கில்டைக் கழுவி மடித்துப் பார்சலில் அனுப்பப்போகிறேன். இந்த நத்தாருக்கு நானும் யோகமலரும் பிறம்ரனுக்கே வருகிறோம், உங்கள் குசினியில் ஒரு மூலை தந்தால் போதும்.

அத்தானுக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள். எல்லாம்வல்ல ஆண்டவர் உங்களை நோய்நொடியின்றியும் என்மேல் கோபமின்றியும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத தம்பி,
கஸ்பர்

பி.கு: முத்திரை தேடிக்கொண்டிருக்கும்போது கரோலின் வந்துவிட்டாள். கடிதம் மேசையில் விரித்தபடி கிடந்தது. அவள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். முக்கால் மணித்தியாலம் வாய்விட்டு வாசித்தாள், நான் ஓடவும் முடியாமல் பக்கத்திலேயே இருந்தேன். நோட்டீஸ் விஷயம் வந்ததும் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"அப்பா, நான் போன கிழமையே அவையள் எல்லாருக்கும் மெசேஜ் போட்டுட்டன். அப்பான்ர ஏழு எண்டா ஒன்பது, ஸோ கம் அட் நைன் எண்டு."

"பின்னை ஏன் விடியவே வந்து நிண்டவை?"

மோராக் அம்மாதான் காரணமாம். அந்த மனுசன் முதல்முதலாக எங்களுக்கென்று ஒன்று எழுதி அனுப்பியிருக்கிறார், ஏழு என்று எழுதியவரிடம் ஒன்பதுக்குப் போனால் அவருடைய சொல்லுக்கு என்ன மரியாதை, அவர் எத்தனை மணிக்கு வந்தாலும் நாங்கள் ஏழுக்கு அங்கே நிற்போம் என்று சொன்னாராம். நாற்பத்தொரு பேரும் தெரிந்துகொண்டுதான் நுளம்புக்குக் காலைக் கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு கரோலின் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "கல்யாணத்திலயும் உங்கட பேரைக் கூப்பிட்டவை. நீங்கள் இல்லை. மலையிலயும் கூப்பிட்டவை. நீங்கள் மரத்துக்குப் பின்னால. நேரம் பிந்தினது எனக்கு ஒரு விசயமே இல்லை அப்பா. பேரைக் கூப்பிடேக்க ஒருக்கால் எண்டாலும் நில்லுங்கோ." நான் அழுதேன் அக்கா, வெட்கமில்லாமல் அழுதேன்.

ஆகவே மேலே 'நீங்கள் சொன்னதுதான் சரி' என்று எழுதியிருப்பதைத் தயவுசெய்து வெட்டிவிடவும். நீங்கள் சொன்னது பிழை, நான் தலையாட்டியது அதைவிடப் பெரிய பிழை. பார்சலும் இல்லை, நத்தாருக்குப் பிறம்ரனும் இல்லை. வருகிற சனிக்கிழமை மோராக் அம்மாவும் கரோலினும் ஹேமிஷும் எனக்காகத் திரும்பவும் ஏறுகிறார்கள். புத்தகத்தில் என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்களாம். அதற்குக் கீழே இன்னொரு வரியும் வெறுமையாக இருக்கிறதாம். யாருக்கு என்று கேட்டேன். "என்ர ஞானத்தாய்க்கு" என்றாள் கரோலின்.

மலையேற ஒரு சோடி சப்பாத்து வாங்கி வையுங்கள். சனிக்கிழமை காலை உங்களை ஏற்ற வருகிறேன். எத்தனை மணிக்கு என்று எழுதவில்லை, எழுதினால் நம்பமாட்டீர்கள்.