பிரெஞ்சு இலக்கியம் – சித்தூர் உபயம்

பிரெஞ்சு இலக்கியத்தைக் காப்பாற்றும் பொறுப்பைப் பிரெஞ்சுக்காரர்கள் சரிவரச் செய்யாததால், 1988-ஆம் வருஷம் அது சித்தூருக்கு வந்து சேர்ந்தது. அந்த மகத்தான பணிக்குக் காரியதரிசியாக இருந்தவன் என்ற முறையில், வருங்காலச் சந்ததியாரின் நன்மைக்காக இதை எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர்க்கோடியில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே வேலை பார்த்த சுவிட்சர்லாந்து டாக்டரம்மா ஊர் திரும்பும்போது ஓர் அலமாரி நிறையப் பிரெஞ்சுப் புத்தகங்களை விட்டுவிட்டுப் போனார். அவரிடம் பிரெஞ்சு கற்றுக்கொண்டிருந்த நர்ஸ் ஜெயசீலி, அதிலிருந்து ஒரு புத்தகத்தை எடுப்பாள். பாகாலா ரயிலில் வீட்டுக்குப் போகும்போது படிப்பாள். முடித்ததும் திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு பேசும் நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வேலை கேட்டு மனுப் போட்டிருந்தாள். ஜனவரியில் பாண்டிச்சேரியில் இன்டர்வியூ. இங்கே அவள் வேலை தற்காலிகம், டிசம்பரோடு சரி. வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த அப்பாவின் செலவுக்கு அவள் சம்பளத்தை விட்டால் வேறு வழியில்லை.

இந்தக் கற்கால நிலைமையை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் கிறிஸ்தவச் சபையின் பெரியவர், ரிடையர்டு தாசில்தார் கிருபானந்தம்.

“என்னய்யா அநியாயம்! நாடே கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்னு ஓடிக்கினு கீது. இங்க ஒரு பொண்ணு புஸ்தகத்தக் கையில புடிச்சிக்கினு படிக்குது!”

அன்று மாலையே ‘பிரெஞ்சு இலக்கியக் கம்ப்யூட்டர் நூலகக் கமிட்டி’ உருவானது. பிரெஞ்சு கற்போர் அனைவரும் திரையிலேயே இலக்கியம் படிக்கலாம் என்பது குறிக்கோள். கமிட்டியில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. ஆகவே எந்த எழுத்தாளர் பக்கமும் சாயாத நடுநிலை எங்களுக்குத் தானாகவே அமைந்தது. ஜெயசீலியைச் சேர்க்கலாமா என்று யாரோ கேட்டார்.

“கூடாது” என்றார் கிருபானந்தம். “பயனாளியே கமிட்டில இருந்தா ஆடிட் அப்ஜெக்‌ஷன் வரும்.”

முப்பது வருஷ தாசில் அனுபவம் அப்படிப் பேசியது.

திருப்பதியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திய முனிரத்தினம் அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். அதற்கு ஏ.சி. அறை கட்டினோம். உள்ளே செருப்பு கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது. முனிரத்தினம் மெஷினுக்குக் குங்குமம் வைத்தார். நாங்கள் கண்மூடி ஜெபித்தோம். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் தேசிய ஒருமைப்பாடும் செலவில்லாமல் நிறைவேறியது. அலமாரிப் புத்தகங்கள் கோணிப்பையில் கட்டப்பட்டு, திருப்பதி பஸ்ஸின் கூரையில் ஏறி, அந்த அறையில் பூட்டப்பட்டன.

ஜெயசீலி கிருபானந்தத்தின் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“ஐயா, இன்டர்வியூ வந்துக்கினே கீது. ஒரே ஒரு புஸ்தகம் குடுங்க. படிச்சிட்டுப் பத்திரமா தந்துர்றேன்.”

“அம்மா, நீ படிக்கறதுக்காகத்தான இத்தினி பேர் பாடுபட்றோம்? அது வரிக்கும் கொஞ்சம் படிக்காம இரு.”

இவ்வளவு கனிவாக ஒரு வாசகியிடம் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இனி நிதி. எங்கள் சபைக் கோயிலில் உபயதாரர் பெயர் எழுதாத பொருள் கிடையாது. மின்விசிறியின் ஒவ்வொரு இறக்கையிலும் ஒரு குடும்பம் சுற்றிக்கொண்டிருக்கும். டியூப்லைட்டில் ‘அன்பளிப்பு’ என்று எழுதி, மீதி இருக்கும் இடத்தில் வெளிச்சம் வரும். அதே முறைப்படி, கம்ப்யூட்டர் நூலகத்தின் திரைப் பக்கங்களுக்கு ஆளுக்கொன்றாக உபயம் வாங்கினோம். பக்கத்தின் தலையில் உபயதாரர் பெயர், படித்த படிப்பு, வகித்த பதவி. காலில் அவருடைய மறைந்த பெற்றோர். ஓரத்தில் மருமகன், அவர் வளைகுடாவில் இருந்தால். சித்தூர் மட்டுமல்ல, மாவட்டக் கோடியில் இருக்கும் குப்பம் ஊர் வரையிலும் ஜனங்கள் பிரெஞ்சு இலக்கியத்துக்காக உருகியதைக் கண்டு என் கண்ணில் நீர் வந்தது.

ஒருநாள் முனிரத்தினம் எங்களை அழைத்து, பிளாப்பி எனப்படும் சதுரத் தகடுகளைக் காட்டினார்.

“சார், எல்லாம் ஃபுல் ஆயிட்சி.”

“பிரெஞ்சு ஏறிட்சா?” என்றார் கிருபானந்தம்.

“எக்கட சார்? இன்னும் உபயதாரருங்களே முடியல. பிரெஞ்சு ஏத்தணும்னா அவங்கள்ல கொஞ்சம் பேர எடுக்கணும்.”

“வேற பிளாப்பி வாங்கு.”

“துட்டெல்லாம் ஏ.சி.க்கும் தெறப்பு விழா கல்வெட்டுக்கும் போயிட்சே.”

அவசரக் கூட்டம் நடந்தது. கிருபானந்தம் பிரச்சினையின் வேரையே பிடித்தார். “கத எழுதினவன்லாம் எங்கியோ செத்துப் பூட்டான். உபயதாரர் அப்பிடியா? ஞாயித்துக்கெழம கோயில்ல எதிர்ல வந்து நிப்பாரு.” ஆகவே திட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. முதல் கட்டம், உபயதாரர்கள். இரண்டாம் கட்டம், பிரெஞ்சு.

திறப்பு விழா திருப்பதியில், டிசம்பரில். உபயதாரர்களுக்குச் சால்வை போடக் கையில் காசில்லை. புத்தகங்கள்தான் கம்ப்யூட்டரில் ஏறப்போகின்றனவே, இனி அவை வெறும் காகிதம் என்று கமிட்டி ஏகமனதாக முடிவு செய்து, ஆளுக்கொன்று வண்ணத்தாளில் சுற்றி நினைவுப் பரிசாக வழங்கியது.

ஜெயசீலியை ‘முதல் வாசகி’ என்று மைக்கில் அறிவித்து மெஷின் முன் உட்காரவைத்தோம். அவள் பொத்தானை அழுத்த, மோட்டார் பார்ட்ஸ் ஏசுரத்தினம் பெயர் வந்தது. கைதட்டல். மறுபடி அழுத்தினாள். நாராயணவனம் ரைஸ்மில் ரங்கையா. கைதட்டல். அவள் அழுத்திக்கொண்டே போனாள்.

“அண்ணா, பிரெஞ்சு எங்க?” என்று என்னைக் கேட்டாள்.

“ரெண்டாங்கட்டத்துலமா.”

அவள் எழுந்து நேரே ஏசுரத்தினத்திடம் போய்க் கைநீட்டினாள். “அந்தப் புஸ்தகத்த மட்டும் ஒரு மாசம் குடுங்க மாமா.” அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டார். “இதுல எம்பேரு போட்டுத் தந்துக்கிறாங்கம்மா. ஷோகேஸ்ல வைக்கணும்.” அவள் கண்கள் கலங்கியதைப் பார்த்து, விழா எல்லோரையும் உருக்கிவிட்டது என்று மினிட்ஸில் குறித்துக்கொண்டேன்.

பாண்டிச்சேரியில் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. செய்தி கேட்டுக் கமிட்டி அதிர்ச்சி அடைந்தது. “இத்தாம்பெரிய லைப்ரரி இருந்தும் படிக்கல பாரு. ஜனங்களுக்குப் படிக்கிற பழக்கமே வுட்டுப்போச்சு” என்று வருந்திய கிருபானந்தம், இரண்டாம் கட்டத்துக்குப் பதிலாக வாசிப்பு விழிப்புணர்வு ஊர்வலம் நடத்த ஏற்பாடு செய்தார். கொடியசைத்துத் தொடங்கிவைக்க ஜெயசீலியை அழைப்பதற்காக நான் பாகாலாவுக்குப் போனேன். வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவில்லை.

“இன்டர்வியூல அப்பிடி என்னம்மா கேட்டாங்க?” என்றேன் ஆதரவாக.

“கடேசியா எப்ப பிரெஞ்சு புஸ்தகம் படிச்சன்னு கேட்டாங்க. மாசக்கணக்காச்சுன்னேன். ஏன் நிறுத்திட்டன்னாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“எங்க ஊர்ல லைப்ரரி கட்டிட்டாங்கன்னு சொன்னேன்.”