பயறு சாரும் கருகிய முளையும்

பயறு சாரின் பக்கத்து வகுப்பில் ஒருவர் நிம்மதியாகப் பாடம் நடத்திவிட்டால் அவருக்குச் சிலையே வைக்கலாம். எங்களுடையது மலேசியாவில், மலாக்காவின் செலண்டார் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. நான் தமிழ் ஆசிரியை. அவர் அறிவியல் நடத்தும் நேரத்தில் என் பிள்ளைகளின் காதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும்.

சட்டைப் பையில் எப்போதும் பச்சைப்பயறு வைத்திருப்பார். பெயர் அப்படி வந்தது. கனமான பொருள் முதலில் விழுமா என்று பார்க்க, சரஸ்வதி படத்தின் முன் தலைமையாசிரியர் கழற்றிவைத்த சப்பாத்தையும் கரும்பலகையில் எழுதும் ஒரு சாக்குக்கட்டியையும் மாடியிலிருந்து போட்டார். "ரெண்டும் ஒண்ணாதான் லா சார் விழுந்துச்சு!" என்று பிள்ளைகள் குதித்தார்கள். ஒற்றைச் சப்பாத்தோடு நின்ற தலைமையாசிரியர் கத்தியதை இங்கே எழுத முடியாது.

புத்தகத்தில் இருப்பதை ஒப்பித்தால் அவரிடம் மதிப்பெண் கிடையாது. "நீ பாத்தியா? பாத்தத சொல்லு" என்பார். அதுதான் அவருக்கு வேதம்.

ஒருமுறை மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் முளைவிட்ட பயறு ஆளுக்கு இரண்டு கப் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், மற்றதற்குக் கூடாது. அடுத்த வாரம் வந்தால் எல்லாக் கப்பும் பச்சைப் பசேலென்று இருக்கின்றன. எங்கள் ஆட்கள் மாரியம்மனுக்கு முளைப்பாரி போடுகிறவர்கள். வீட்டில் முளை கருகினால் ஆகாது என்று, பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் தாய்மார்கள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

துர்கா என்ற பிள்ளையின் தண்ணீர் ஊற்றாத கப் மட்டும் கருகியிருந்தது. திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்ற அவள் வீட்டில் ஆளில்லை. அம்மா மலாக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தார். எதிர்வீட்டு அத்தை அந்தக் கப்பைப் பார்த்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"சார், நான் தண்ணி ஊத்தாததுனாலதான் அம்மாவுக்கு ரொம்ப முடியலையா?"

அவரிடம் சாக்குக்கட்டி கேட்டு வாங்கப் போன நான் வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்தப் பிள்ளை காலமெல்லாம் இதைச் சுமக்கப்போகிறதே என்று நினைத்தேன்.

"ஒரு கப்ப மட்டும் பாத்து எப்படிம்மா சொல்றது? எங்க வீட்டுல நான் கருகவிட்டதுக்குக் கணக்கே இல்ல. கேப்போம்" என்றவர், தெங்கேராவில் இருக்கும் தன் தாயாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அம்மா, நான் வீட்டுல நிறைய பயறு கருகவிட்டிருக்கேன்ல?"

"ஜன்னல் பூரா உன் செத்த பயறுதான்!"

"நீ நல்லா இருக்கியா?"

"ஏன்டா, இன்னும் சாகலையான்னு கேக்கிறியா? காலையில பாசார் போயி மீன் வாங்கி கறி ஆக்கிட்டேன். கிளாஸ்ல நின்னுக்கிட்டு கேக்குற கேள்வியாடா இது?"

வகுப்பே உருண்டு சிரித்தது. துர்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இப்ப சொல்லு. முளை ஏன் செத்துச்சு?"

"தண்ணி இல்ல சார்."

"அவ்வளவுதான்மா."

துர்காவின் அம்மா வீடு திரும்பவில்லை. சாவு வீட்டில், அத்தனை பேருக்கு நடுவில் அந்த அத்தை கருகிய முளையைப் பற்றி ஆரம்பித்தார். எனக்குப் பதறியது. தாயின் காலடியில் உட்கார்ந்திருந்த துர்கா நிமிர்ந்தாள்.

"அது தண்ணி இல்லாம செத்துச்சு அத்தை. அம்மாவுக்கு கிட்னி கெட்டுப்போச்சு. ரெண்டும் வேற வேற."

பந்தல் ஓரத்தில் நின்ற பயறு சார், முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

என் மகன் அடுத்த வருடம் மூன்றாம் ஆண்டு. பயறு சார் வகுப்பிலேயே போடுங்கள் என்று தலைமையாசிரியரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.