வெட்கத்துண்டு

"அப்பா, அதுல கை வைக்காதீங்க." ஹசிந்தா உதடு அசையாமல் சொன்னாள்.

எலாதியோ இன்னும் கையை நீட்டவே இல்லை. பார்த்தார், அவ்வளவுதான். மேசையாகப் போட்டிருந்த மரப்பீப்பாயின் மேல் ஒரு தட்டு. தட்டில் ஒரே ஒரு க்ரோக்கெத்தா. பன்றிக்கறித் துணுக்கைப் பாலில் குழைத்துப் பொரித்த உருண்டை.

மருத்துவமனையில் விடிய விடிய ஸ்ட்ரெச்சர் தள்ளிவிட்டு நேராக வந்திருந்தார். காலும் வயிறும் சேர்ந்தே கெஞ்சின. ஞாயிற்றுக்கிழமை மதியம். சரகோசா நகரம் முழுவதும் அந்தச் சந்து மதுக்கடைக்குள் வந்துவிட்டதுபோல் கூட்டம். உட்கார ஒரு நாற்காலி கிடையாது.

"போன வருஷம் அந்த இறால்…"

"தெரியும்மா."

போன வருஷம், வேறொரு பையனைப் பெற்றவர்களோடு சாப்பிட்டபோது, தட்டில் மிஞ்சிய கடைசி இறாலை எலாதியோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பொதுத் தட்டில் கடைசியாகக் கிடப்பதற்கு வெட்கத்துண்டு என்று பெயர். எடுப்பவருக்கு வெட்கமில்லை என்று அர்த்தம். அந்தச் சம்பந்தம் முறிந்ததற்கு இறால்தான் காரணம் என்பது ஹசிந்தாவின் தீர்ப்பு. இப்போதைய பையன் நிக்காசியோ என்றால் அவளுக்கு உயிர். அவன் கார் நிறுத்த இடம் தேடிப் போனவன் இன்னும் வரவில்லை.

பீப்பாய்க்கு அந்தப் பக்கம் அவனுடைய அப்பா அமான்சியோவும் அம்மா விசித்தாசியோனும் நின்றிருந்தார்கள்.

"நீங்க வந்து ரொம்ப நேரமாச்சா?" என்று விசித்தாசியோன் கேட்டார்.

தாமதமாக வந்ததைக் குத்திக்காட்டுகிறார் என்று எலாதியோவுக்குப் புரிந்தது. "மன்னிச்சுக்குங்க சம்பந்தி, டூட்டி."

தோளில் துண்டோடு பரிமாறுகிற ப்ளாஸ் வந்தார். "இந்தத் தட்டை எடுத்துடட்டுமா?"

"வேண்டாம், இருக்கட்டும்!" எலாதியோவும் அமான்சியோவும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

பெரிய மனசு பண்ணி நமக்காக ஒன்று மிச்சம் வைத்திருக்கிறார்கள், அதை எடுத்துப்போகச் சொன்னால் நன்றாகவா இருக்கும் என்று நினைத்தார் எலாதியோ.

"நீங்க எடுத்துக்குங்க சம்பந்தி."

"ஐயையோ, அது உங்களுக்குத்தான்."

"எனக்குப் பசியே இல்ல." சொல்லி வாய் மூடவில்லை, எலாதியோவின் வயிறு உறுமியது.

"வெளியில ஏதோ பைக்கு," என்றாள் ஹசிந்தா.

அமான்சியோ தொண்டையைச் செருமினார். "கல்யாணத்தைப் பத்திப் பேசணும்னா…" என்று தொடங்கினார். கண் தட்டின்மேல் விழுந்தது. பேச்சு நின்றது.

புதிதாக ஒரு தட்டு வந்தால் பழையதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டார் எலாதியோ. "இன்னொரு தட்டு க்ரோக்கெத்தா!"

ஐந்து வந்தன. ஆளுக்கொன்று எடுத்தார்கள். எலாதியோ அவசரத்தில் நாக்கைச் சுட்டுக்கொண்டார். ஒன்று மிஞ்சியது. இப்போது பீப்பாய்மேல் இரண்டு வெட்கம்.

அமான்சியோ வறுத்த உருளைக்கிழங்கு வரவழைத்தார். அதிலும் கடைசியில் ஒரு துண்டு.

"நான் பாதி எடுத்துக்கறேன்," என்று விசித்தாசியோன் அதை வெட்டினார். மீதிப் பாதியில் பாதியை அமான்சியோ எடுத்தார். அதில் பாதியை ஹசிந்தா. எலாதியோவின் பங்குக்குப் பிறகு பருப்பளவு மிச்சமிருந்தது. அதையும் யாரும் தொடவில்லை.

ப்ளாஸ் மறுபடி வந்தார். "இதையெல்லாம்…"

"இருக்கட்டும்!"

தட்டுகள் நிறைந்து கிளாஸ் வைக்கக்கூட இடமில்லை. எலாதியோ தன் கிளாஸைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறினார். பிறகு இடதிலிருந்து வலதுக்கு. கல்யாணப் பேச்சு அந்தச் செருமலுக்கு மேல் நகரவில்லை.

"போதும்," என்றார் திடீரென்று.

"அப்பா!"

"விடும்மா. சம்பந்தி, ராத்திரி பூரா நின்னவன் நான். இதுக்கு மேல முடியல. இந்த வெட்கம் என்னோடதாவே இருந்துட்டுப் போகட்டும்."

முதல் தட்டிலிருந்த க்ரோக்கெத்தாவை எடுத்து வாயில் போட்டார். ஆறி விறைத்துப் போயிருந்தது. மென்று முடிக்க வெகுநேரமானது. ஹசிந்தா கூரையில் தொங்கிய பன்றித் தொடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாடா!" என்று விசித்தாசியோன் பெருமூச்சு விட்டார். "பாசாங்கு இல்லாத குடும்பம். இது போதுங்க எங்களுக்கு."

"செப்டம்பர்ல வச்சுக்கலாம்," என்று அமான்சியோ எலாதியோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஹசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அமான்சியோ தொடர்ந்தார்: "நீங்க முன்னாடியே வந்து வாங்கின தட்டு. நீங்களே முடிச்சதுதான் முறை."

"நானா?" எலாதியோ விழித்தார். "நான் வரும்போது நீங்கதானே இங்க நின்னுட்டிருந்தீங்க?"

"நாங்களும் அப்பத்தான் வந்து நின்னோம்," என்றார் அமான்சியோ.

ப்ளாஸ் காலித் தட்டை எடுத்துத் துண்டால் பீப்பாய்மேல் இருந்த ஈரத்தைத் துடைத்தார்.

"எத்தனை தடவை எடுக்க வந்தேன், விட்டீங்களா? அது உங்களுக்கு முன்னாடி நின்னவங்க மிச்சம் வச்சது. அவங்களும் சம்பந்தம் பேச வந்தவங்கதான், பாவம், கடைசிவரைக்கும் யாருமே தொடல."