இருபதுக்குப் பதினைந்து

யோகமலர் கார் லைசென்ஸ் எழுத்துப் பரீட்சை அறையிலிருந்து வெளியே வந்தபோது அவளுடைய முகத்திலிருந்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கணவன் பத்மநாதன் கதிரையிலிருந்து அரைவாசி எழும்பினான்.

"எத்தினை?"

"றோட்டுச் சைனுக்கு இருபதுக்கு இருபது. றோட்டு விதிக்கு இருபதுக்குப் பதினைஞ்சு."

பதினாறு எடுத்தால் பாஸ். ஒரே ஒரு கேள்வியால் போய்விட்டது. பிழைவிட்ட கேள்விகள் அச்சடித்த துண்டை அவள் நீட்ட, அவன் வாங்கிப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டான். கோபம் வரவில்லை, அலுப்புத்தான் வந்தது.

நகரத்தை விட்டுத் தள்ளி ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கும்போது காணி பெரிது, காற்று நல்லது என்றெல்லாம் சொன்னார்கள். பஸ் இல்லை என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாலுக்கும் கார், பாணுக்கும் கார். வீட்டில் கார் ஓடுகிற ஒரே சீவன் பத்மநாதன்தான். வாரத்தில் ஐந்து நாள் பிக்கரிங் தொழிற்சாலைக்கு ஓடினான். பின்னேரங்களில் மகள் லக்சிகாவின் வயலின் வகுப்பு, அதை விட்டால் மோர்னிங்சைட்டில் இருக்கிற தன் அக்காவின் கண் டொக்டர். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவரின் பிறந்தநாள் விழா. ஐம்பத்திரண்டு வயதில் அவனுக்கு மிஞ்சியிருந்த ஆசை ஒன்றே ஒன்று. ஒரு சனிக்கிழமை, ஒரேயொரு சனிக்கிழமை, பத்து மணிவரை போர்த்துக்கொண்டு படுக்க வேண்டும்.

அதற்கு யோகமலர் லைசென்ஸ் எடுக்க வேண்டும். எழுத்துப் பரீட்சையில் தேறி, முறையாகப் பழகினால் எட்டு மாதத்தில் தனியாக ஓடலாம் என்று விசாரித்து வைத்திருந்தான். அவள் பரீட்சைக்குப் பதிந்த அன்றே கொம்பியூட்டரில் ஓர் அட்டவணை அடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினான். திங்கள் வயலின், செவ்வாய் அக்கா, புதன் சாமான் வாங்கல், சனி தமிழ்ப் பள்ளி, ஞாயிறு விழாக்கள். அடியில் 'எயார்போட், தேவைக்கேற்ப' என்று தடித்த எழுத்தில் போட்டான். எல்லாவற்றுக்கும் நேரே யோகமலர் என்ற ஒரே பெயர்தான் இருந்தது.

யோகமலர் அதை மேலிருந்து கீழாக இரண்டு தரம் வாசித்தாள்.

"நல்ல வடிவா அடிச்சிருக்கிறியள்" என்று சொல்லிவிட்டுச் சோற்றை இறக்கப் போனாள்.

முதல் தோல்விக்குப் பிறகு, தானே படிப்பிப்பதென்று பத்மநாதன் முடிவெடுத்தான். இருபத்திரண்டு வருடம் ஓடியவனுக்குப் புத்தகம் எதற்கு? மஞ்சள் விளக்கு விழுந்தால் கெதியாகப் போய்விட வேண்டும் என்றான். நிற்கக்கூடியதாக இருந்தால் நிற்கத்தான் வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருப்பதை அவள் காட்டினாள். நாற்சந்தியில் நாலு பக்கமும் கார் வந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போகலாம் என்றான். தலையாட்டுவது பற்றிப் புத்தகத்தில் ஒன்றுமே இல்லை. பக்கத்திலிருந்த லக்சிகா, "அப்பா, you would totally fail" என்றாள்.

இரண்டாம் முறையும் பதினைந்து. தான் படிப்பித்ததுதான் பிழை என்று பத்மநாதன் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டு, வாகனப் பயிற்சி கொடுக்கும் றிச்சர்ட் மாஸ்டரை வீட்டுக்குக் கூப்பிட்டான். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் வகுப்பு. தனியாகப் படிக்கப் பஞ்சியாக இருக்கிறது என்று யோகமலர் சிநேகிதிகள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டாள். ஒருவருக்கும் லைசென்ஸ் இல்லாதபடியால் அவர்களை வோபர்னிலும் மோர்னிங்சைட்டிலும் ஏற்றி இறக்குவது பத்மநாதனின் பொறுப்பாயிற்று. ஓட்டத்தைக் குறைக்கத் தொடங்கிய வேலை இப்படி வாரத்துக்கு இன்னொரு நாளைத் தின்றது.

மாஸ்டர் வீதிக் காட்சிகளைத் திரையில் ஓடவிட்டு, ஆபத்து எங்கேயிருந்து வரப்போகிறது என்று கேட்பார். மற்றவர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருக்க, யோகமலர் தேத்தண்ணீர் ஊற்றியபடியே, நிற்கிற வானுக்குப் பின்னால் ஒரு பிள்ளை வரும் என்பாள். வரும். அந்த வெள்ளைக் காரின் கதவு திறக்கும் என்பாள். திறக்கும்.

"அக்காவுக்கு ஆபத்து வரமுன்னமே தெரிஞ்சுபோடுது" என்று மாஸ்டர் வியந்தார்.

அந்த நாட்களில்தான், இன்னொரு சிநேகிதி கோபிகா லைசென்ஸ் எடுத்த கதையையும் யோகமலர் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். "இப்ப முழுக்க அவதான் ஓடுறாவாம். அவவின்ர மனுசன் பக்கத்தில இருந்து போன் பாக்கிறாராம்."

"பார், எவ்வளவு முன்னேற்றம்" என்றான் பத்மநாதன் மனதாரச் சந்தோசப்பட்டு.

மூன்றாம் முறையும் பதினைந்து. மாஸ்டர் தலையைச் சொறிந்தார். இங்கிலிசுதான் இடைஞ்சல் என்று பத்மநாதன் பரீட்சையைத் தமிழுக்கு மாற்றினான். பஞ்சாங்கம் பார்த்து நல்ல நேரத்தில் பதிந்தான். பதிந்த நாள் வேலை நாளாகப் போனதால் லீவு கேட்டான். மேலாளர் லீவைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வருகிற நாலு சனிக்கிழமையும் வேலைக்கு வரச்சொன்னார்.

அன்று காலை கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போனார்கள். அரை மணித்தியாலத்தில் யோகமலர் வெளியே வந்தாள்.

"சைனுக்கு இருபது. விதிக்கு..."

"சொல்லாதை" என்றான். அழுகை வரும்போல இருந்தது. நாலு சனிக்கிழமை. அதற்குப் பிறகும் விடிவில்லை. ஒரு மனிதனின் நித்திரைக்கு இவ்வளவு எதிரிகளா?

அப்போதுதான் அவனுக்குப் பளிச்சென்று பட்டது. நாலு தரமும் ஒரே புள்ளி எப்படி வரும்? பிழை மனிசியில் இல்லை, கொம்பியூட்டரில்! யோகமலர், "வேண்டாம், வீட்டை போவம்" என்று கையைப் பிடித்தாள். அவன் உதறிக்கொண்டு கவுண்டருக்குப் போய், அவளிடமிருந்து பிடுங்கிய புதுத் துண்டோடு பொக்கற்றில் சேர்த்துவைத்திருந்த மூன்றையும் வரிசையாக விரித்தான்.

கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் நிரோஷினி என்று பெயர் குத்தியிருந்தது. அவன் முறைப்பாட்டைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, திரையில் வந்த முழு விடைகளோடு ஒப்பிட்டு, பேனையால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். ஒருமுறை நிமிர்ந்து, கதவடியில் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்து நின்ற யோகமலரைப் பார்த்தாள். மீண்டும் குனிந்து வாசித்தாள்.

"கொம்பியூட்டர் நல்லாத்தான் வேலை செய்யுது, அங்கிள். முதல்தரம் பிழைவிட்ட அஞ்சும் பிறகு வந்த நேரமெல்லாம் சரி. ஒவ்வொரு தரமும் புதுசா வேற அஞ்சுதான் பிழை."

"அப்பிடியெண்டா?"

நிரோஷினி துண்டுகளை அடுக்கி அவன் பக்கமாகத் தள்ளினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இருபதும் தெரிஞ்ச ஆளாலதான் நாலு தரமும் பிசகாமல் பதினைஞ்சு எடுக்க ஏலும். லைசென்ஸ் எடுத்தால் அன்ரிக்கு வீட்டில என்ன வேலை வைச்சிருக்கிறியள், அங்கிள்?"